சிறு சமூகத் தளத்துக்குத் தனியுரிமைக் கொள்கை: நகலா, ஜெனரேட்டரா, வக்கீலா, நாமே எழுதுவதா?

நான் பராமரிக்க ஏற்றுக்கொண்ட ஒரு சங்கத்தின் தளத்தில் தனியுரிமைக் கொள்கை என்று நீளமாக ஒரு பக்கம் இருந்தது. பாதி தூரம் படித்ததும் ‘உங்கள் ஆர்டரை அனுப்பிவைப்பதற்காக உங்கள் முகவரியைக் கூரியர் நிறுவனத்துக்குத் தருகிறோம்’ என்று ஒரு வரி வந்தது. அந்தத் தளம் எந்தக் காலத்திலும் எதையும் விற்றதில்லை. இன்னும் கீழே போனால் வேறு ஏதோ ஒரு கடையின் பெயர் மாற்றப்படாமல் அப்படியே நின்றது. அதே தளத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்ய ஒரு படிவம் உண்டு. பெயர், கைபேசி எண், பிறந்த தேதி, கூட வருபவர்கள் எத்தனை பேர், ஏதாவது ஒவ்வாமை உண்டா என்றெல்லாம் கேட்கும். நிரப்பியதெல்லாம் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போய்ச் சேரும், அந்த ஷீட் ‘இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பில் திறந்து கிடந்தது. அதைப் பற்றிக் கொள்கைப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

செய்யாத காரியத்துக்கு முழுப் பத்தி, செய்கிற காரியத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. தன்னார்வலர்கள் நடத்தும் சிறு தளங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற கோளாறு இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ‘ஒரு பாலிசி போட்டாகணுமாம்’ என்று யாரோ சொல்ல, கையில் கிடைத்ததை ஒட்டிவிடுகிறார்கள்.

சரி, அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்றால் நமக்கு என்னென்ன வழி இருக்கிறது? வேறொருவருடைய கொள்கையை எடுத்துத் திருத்திக்கொள்வது, ஜெனரேட்டரில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒன்றை வரவழைப்பது, வக்கீலிடம் கொடுப்பது, நாமே உட்கார்ந்து எழுதுவது, இல்லையென்றால் தளத்தையே மூடிவிட்டுப் பெரிய சமூக ஊடகம் ஒன்றில் குழுவாக மாறிவிடுவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான சிறு தளங்களுக்கு நாமே எழுதுவதுதான் சரி, ஆனால் எழுதுவதற்கு முன்னால் நாம் வாங்கிக் குவிக்கிற விவரங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சில தளங்களுக்கு வக்கீல் கட்டாயம் வேண்டும். நகல் யாருக்கும் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான், தளம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஒரு மாலைப்பொழுது போதும். பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரம் ஒன்றைத் திறந்து, எஃப்12 விசையைத் தட்டி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், தளத்தை மறுபடி ஏற்றுங்கள். உங்கள் சர்வரைத் தவிர வேறு யார் யாருக்கெல்லாம் தகவல் போகிறது என்று வரிசையாக ஓடும். எழுத்துருவுக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, வருகைக் கணக்குக்கு ஒன்று, பகிரும் பொத்தானுக்கு இன்னொன்று. வருகிறவர் எதையும் அழுத்தவில்லை, எதையும் நிரப்பவில்லை, ஆனாலும் அவருடைய ஐபி முகவரி (இணையத்தில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண்) இத்தனை இடங்களுக்குப் போய்விட்டது. இது அற்ப விஷயம் என்று நினைத்தால், 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் தந்த தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளம் எழுத்துருவை கூகுள் சர்வரிலிருந்து நேரடியாக எடுத்ததால் வந்தவரின் ஐபி முகவரி ஒப்புதல் இல்லாமல் அங்கே போய்விட்டது என்று சொல்லி, அவருக்கு 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் அதே எழுத்துருவைப் பதிவிறக்கித் தன் சர்வரிலேயே வைத்திருந்தால் அந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது. எங்கள் சங்கத் தளத்தில் அந்த மாற்றத்தைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பகிரும் பொத்தானும் அப்படித்தான். ஃபேஸ்புக்கின் லைக் பொத்தானைத் தன் பக்கத்தில் பதித்த தளம், அந்தப் பொத்தான் திரட்டி அனுப்பும் தகவலுக்குக் கூட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது.

அப்புறம் இரண்டாவது பரிசோதனை, இதைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். உறுப்பினர் ஒருவர் இன்றைக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘என்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.’ எங்கெங்கே தேட வேண்டும்? தளத்தின் தரவுத்தளம் உங்களுக்கு உடனே நினைவுக்கு வரும். படிவத்தை நிரப்பியபோது செயலாளரின் இன்பாக்ஸுக்குப் போன மின்னஞ்சல்? அந்த ஸ்பிரெட்ஷீட்? அதிலிருந்து யாரோ அச்செடுத்து வரவேற்பு மேசையில் வைத்த பட்டியல்? போன வருடம் பதவியில் இருந்தவரின் கைபேசியில் சேமித்த எண்கள்? தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் தானாக எடுக்கும் பேக்கப்? தளம் அமைக்க வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 2018 மே மாதம் வந்த 4.9.6 பதிப்பிலிருந்தே ஒருவருடைய தரவை ஏற்றுமதி செய்யவும் அழிக்கவும் கருவிகள் இருக்கின்றன, நல்ல கருவிகள்தான். ஆனால் அவை வேர்ட்பிரஸ் தன்னிடம் வைத்திருப்பதையும், அந்த வசதியோடு ஒத்துழைக்கிற பிளகின்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) வைத்திருப்பதையும்தான் தொடும். இன்பாக்ஸையும் கைபேசியையும் தொடாது. இந்தத் தேடலை ஒரு தடவை நிஜமாகச் செய்து, கிடைத்த இடங்களை ஒரு தாளில் எழுதினால் கொள்கையில் பாதி எழுதி முடிந்த மாதிரி.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

நகல் எடுப்பதில் பதிப்புரிமைதான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது, உரிம நிபந்தனைப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உண்மையான சிக்கல் வேறு. கொள்கை என்பது வாக்குறுதி. ஆயிரத்துக்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம் தன்னால் முடியும் என்று கொடுத்த வாக்கை, வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிற மூன்று பேர் எப்படிக் காப்பாற்ற முடியும்? அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் இணையத் தனியுரிமை தொடர்பாக முதன்முதலில் எடுத்த நடவடிக்கையே இந்த மாதிரி விஷயம்தான். 1998-ல், ஆட்கள் தங்கள் சொந்தப் பக்கங்களை அமைத்துக் குடியிருந்த ஜியோசிட்டீஸ் தளத்தின் மேல் அந்த நடவடிக்கை வந்தது. சில விவரங்களை அனுமதி இல்லாமல் பிறருக்குத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, விளம்பரம் செய்கிறவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அது சமரச உத்தரவில் முடிந்தது. அதாவது, விவரம் வாங்கியதைக் காட்டிலும் சொன்னதும் செய்ததும் வேறாக இருந்ததுதான் அங்கே கேள்விக்கு வந்தது. நகல் எடுத்த கொள்கையில் அந்த வேறுபாடு முதல் நாளிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜெனரேட்டர் அந்த அளவு மோசமில்லை. தலைப்புகளை மறக்க விடாது என்பது அதன் பெரிய பலம். யார் நடத்துகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், யாரிடம் போகும், திருத்தவும் நீக்கவும் என்ன வழி, புகார் எங்கே சொல்லலாம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 13-வது பிரிவில் கேட்பது ஏறக்குறைய இதையேதான், தனியாக எழுத உட்கார்ந்தால் இதில் இரண்டு மூன்றை நாம் நிச்சயம் விட்டுவிடுவோம். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லாப் பெட்டியிலும் டிக் போடத் தோன்றும். கடைசியில் வந்து விழும் பக்கம் இப்படி இருக்கும்: ‘உங்கள் தனிப்பட்ட தகவல்களை எங்கள் சேவைகளை மேம்படுத்துவது உள்ளிட்ட பல்வேறு நோக்கங்களுக்காகப் பயன்படுத்தக்கூடும், நம்பகமான மூன்றாம் தரப்பினருடன் பகிரக்கூடும்.’ இதைப் படித்துவிட்டு ஒருவர் தன் கைபேசி எண் யார் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? இதையே நாம் எழுதினால்: ‘நிகழ்ச்சிக்குப் பதிவு செய்யும்போது நீங்கள் தரும் எண், நேரமோ இடமோ மாறினால் உங்களுக்குச் சொல்ல மட்டும். செயலாளரும் தளத்தைப் பராமரிப்பவரும் அதைப் பார்ப்பார்கள். நிகழ்ச்சி முடிந்த 30 நாளுக்குள் அழித்துவிடுவோம்.’ மூன்றே வாக்கியம், எதற்கு, யார் கையில், எத்தனை நாள் என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. (30 நாள் என்று எழுதிவிட்டால் அழிக்கத்தான் வேண்டும். நிகழ்ச்சித் தேதியைக் காலண்டரில் குறிக்கும்போதே அழிக்கும் தேதியையும் குறித்துவிடுங்கள்.)

ஜெனரேட்டர் வேண்டும் என்றால் வணிக நிறுவனங்களுடையதைவிட ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று தருவதை எடுப்பது மேல். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் சிறு அமைப்புகளுக்கென்றே இலவசமாக ஒன்று வைத்திருக்கிறது. அது அந்த நாட்டுச் சட்டத்துக்கு எழுதப்பட்டது, ஆகவே வந்த பக்கத்தை அப்படியே ஒட்டாமல் சரிபார்க்கும் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

வக்கீலைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, சின்னத் தளத்துக்கு வக்கீல் எதற்கு என்பது. இன்னொன்று, வக்கீலிடம் கொடுத்துவிட்டால் நமக்கு வேலை இல்லை என்பது. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன்: நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் எழுத முடியும். அந்தத் திறந்து கிடந்த ஸ்பிரெட்ஷீட்டைப் பற்றி நீங்களே அறியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே மேலே சொன்ன தாளோடு போங்கள், முடிந்தால் நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொண்டுபோய் ‘இதில் என்ன குறை’ என்று கேளுங்கள். அவர் நேரமும் மிச்சம், உங்கள் செலவும் குறையும்.

முதல் எண்ணம் இதைவிட ஆபத்தானது. தளம் சின்னது என்பதால் அதில் இருக்கிற விவரமும் சாதாரணமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். சமூகத் தளங்களில் நிலைமை நேர் எதிர். ஒரு நோயோடு வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நோயைப் பற்றி யாரையும் எதுவும் கேட்கவே வேண்டாம், உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதே மருத்துவத் தகவல். வழிபாட்டு அமைப்பின் பட்டியல் மதத்தைச் சொல்லிவிடுகிறது, தொழிற்சங்கப் பட்டியல் தொழிற்சங்கத் தொடர்பைச் சொல்லிவிடுகிறது. ஜிடிபிஆரின் 9-வது பிரிவு தனியாகக் காக்கச் சொல்லும் வகைகளில் இவை மூன்றும் உண்டு. லாப நோக்கமற்ற மத, அரசியல், தொழிற்சங்க அமைப்புகள் தங்கள் உறுப்பினர் விவரங்களை வைத்திருக்க அதே பிரிவு வழியும் விடுகிறது, ஆனால் ஒப்புதல் இல்லாமல் அமைப்புக்கு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. ‘எங்கள் உறுப்பினர்கள்’ என்று பெயரும் படமும் போட்டுத் திறந்த பக்கமாக வைத்திருக்கிற அமைப்புகள் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயமும் அப்படித்தான். குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கான அமெரிக்காவின் கோப்பா சட்டம் 13 வயதுக்குக் குறைந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஜிடிபிஆர் 16 என்று வைத்து, நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்று கொண்டு, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. மூன்று நாடுகளில் உறுப்பினர்கள் இருக்கிற ஒரு தளம் சிறுவர்களுக்குப் போட்டி நடத்துகிறது என்றால் எந்த வயதுக்கோட்டைப் பின்பற்றுவது என்று நாமே ஊகிக்கக் கூடாது. குழந்தைகள், உடல்நலம், அல்லது வெளியே தெரிந்தால் ஒருவருக்கு ஆபத்து வரக்கூடிய அடையாளம், இவற்றில் ஒன்றாவது உங்கள் தளத்தில் இருந்தால் வக்கீல் வேண்டும். பணம் வாங்குவது மட்டும்தான் என்றால் அதைப் பேமென்ட் நிறுவனத்தின் பக்கத்திலேயே முடிக்கச் செய்து, கார்டு விவரம் உங்கள் சர்வருக்கு வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

‘நாங்க ரொம்பச் சின்ன அமைப்பு, எங்களை யார் வந்து கேட்கப் போறாங்க’ என்பவர்களிடம் நான் எப்போதும் ஸ்வீடன் வழக்கு ஒன்றைச் சொல்வேன். ஒரு தேவாலயத்தில் தன்னார்வலராக இருந்த பெண்மணி, சபையினருக்கு உதவியாக இருக்கும் என்று தன் வீட்டுக் கணினியில் ஒரு தளம் அமைத்தார். தன்னையும் உடன் பணியாற்றும் 18 பேரையும் பற்றி எழுதினார், வேலை, பொழுதுபோக்கு, சிலருடைய தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. ஒருவருக்குக் காலில் அடிபட்டிருக்கிறது, அதனால் பாதி நேர வேலையில் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடவில்லை. சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் தளத்தை எடுத்துவிட்டார், ஆனாலும் வழக்கு வந்தது, 4,000 குரோனர் அபராதம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2003 நவம்பரில் தீர்ப்பு வந்தது: காலில் அடிபட்டது என்ற ஒரு வரி உடல்நலத் தகவல்தான், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டால் அது வீட்டுச் சொந்த உபயோகம் ஆகாது.

அவர் தளத்தில் உயர்தரமான தனியுரிமைக் கொள்கை ஒன்று இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா? மாட்டார். அந்த 18 பேரிடமும் ‘உங்களைப் பற்றி இப்படிப் போடட்டுமா’ என்று கேட்டிருந்தால் போதும். நிகழ்ச்சிப் புகைப்படங்களை ஏற்றுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, கைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தின் குறியீடு சேமிக்கப்பட்டிருக்கலாம், ஏற்றும் முன் அதை நீக்குவது நல்லது.

பெரிய சமூக ஊடகத்துக்கு மாறிவிடும் வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கொள்கை அவர்களுடையது, தலைவலி நம்முடையது இல்லை என்று தோன்றும். ஃபேஸ்புக் பக்கம் நடத்துகிறவரும் அங்கே வருகிறவர்களின் தரவுக்குக் கூட்டுப் பொறுப்பாளர்தான் என்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூனில் சொல்லிவிட்டது. அதோடு அங்கே கணக்கு வைத்துக்கொள்ள விரும்பாத உறுப்பினர் வெளியே நிற்க வேண்டியிருக்கும், மெசேஜ் குழு என்றால் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். எந்தப் பதிவுப் படிவமும் இல்லாத, வெறும் அறிவிப்பு மட்டும் போடுகிற அமைப்புக்கு வேண்டுமானால் பொருந்தும்.

மிச்சம் இருப்பது நாமே எழுதுவது. எங்கள் தளத்துக்கு அதைத்தான் செய்தோம், ஆனால் எழுதும் முன் வெட்டினோம். பிறந்த தேதி எதற்கு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை, எப்போதோ யாரோ சேர்த்தது. ‘18 வயது நிறைந்தவரா’ என்ற ஒரே கேள்வியாக மாற்றினோம். ஒவ்வாமைக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது இருந்தால் அழைக்கவும்’ என்று போட்டோம். பதித்திருந்த வரைபடத்தை நீக்கி முகவரியையும் வரைபடத்துக்கு ஓர் இணைப்பையும் தந்தோம், அழுத்துகிறவர் மட்டும் அங்கே போவார். வருகைக் கணக்கு பிளகினை யாருமே ஒரு வருடமாகத் திறந்து பார்க்கவில்லை, அதையும் எடுத்தாயிற்று. ஸ்பிரெட்ஷீட்டை இரண்டு பேருக்கு மட்டும் என்று பூட்டினோம். செய்திமடல் பெட்டியில் முன்கூட்டியே போட்டிருந்த டிக் குறியை நீக்கினோம், அப்படி முன்பே இட்ட குறி ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபரிலேயே ஐரோப்பாவில் தீர்ப்பாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு சொல்ல வேண்டியது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

எழுதும்போது கை போகிற இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய சொற்கள் சில உண்டு. ‘உங்கள் விவரங்களை எக்காரணம் கொண்டும் யாருடனும் பகிர மாட்டோம்’ என்று எழுத ஆசையாக இருக்கும். ஆனால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில்தான் அது கிடக்கிறது, மின்னஞ்சல் இன்னொரு நிறுவனத்தின் வழியாகப் போகிறது, நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆகவே அவர்கள் பெயரைச் சொல்லி, எதற்காக என்று சொல்லுங்கள். ‘முழுப் பாதுகாப்பு’ என்றும் எழுதாதீர்கள், கசிவு ஏற்பட்டால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஜிடிபிஆர் பொருந்தும் தளமாக இருந்து, கசிவால் மற்றவர்களுக்குப் பாதிப்பு வர வாய்ப்பு இருந்தால், தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். சட்டம் உங்களைத் தொடாவிட்டாலும் உறுப்பினர்களுக்கு உடனே சொல்வோம் என்று ஒரு வரி எழுதுவதில் தடை ஒன்றும் இல்லையே.

மொழியும் முக்கியம். வருடத்தில் தான் போகிற தளங்களின் கொள்கைகளையெல்லாம் ஒருவர் வரிக்கு வரி படித்தால் சராசரியாக 244 மணி நேரம் ஆகும் என்று 2008-ல் கார்னெகி மெலன் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க இதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன், நம் உறுப்பினர் இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கும்படி நாம் எழுத வேண்டும், அவர் பேசுகிற மொழியில் எழுத வேண்டும். இந்தியச் சட்டமே அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழர்கள் நடத்தும் தளம் தமிழில் எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கிலத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் மழுப்பல் வாக்கியங்கள் தமிழில் நம் கையில் வந்து விழாது, ஆகவே ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

தொடர்பு முகவரியாகத் தனி ஒருவரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், பொறுப்பின் பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். பக்கத்தின் மேலே கடைசியாகத் திருத்திய தேதி இருக்கட்டும், பழைய பதிப்பையும் எடுத்து வையுங்கள். புதிதாக ஒரு பிளகின் சேர்க்கிறவர் அன்றைக்கே அந்த எஃப்12 பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். செயலாளர் மாறும்போது கடவுச்சொற்களோடு, தரவு எங்கெங்கே இருக்கிறது என்று எழுதிய அந்தத் தாளையும் புதியவர் கையில் கொடுங்கள். போகிறவரின் அணுகலை அன்று மாலைக்குள் நீக்கிவிட்டு, அவர் கைபேசியில் இருக்கும் உறுப்பினர் எண்களை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.